ஊட்டி தாவரவியல் பூங்கா பார்த்துவிட்டால் குன்னூர் சிம்ஸ் பூங்கா வேண்டாமா?

திருப்பூரிலிருந்து மே மாதம் குடும்பத்தோடு நீலகிரி வருபவர் கேட்டிருக்கிறார். ஊட்டி தாவரவியல் பூங்கா ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேல் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் அரை நாள் ஒதுக்குவது வீணா? அதன் வரலாறு என்ன, உள்ளே என்னென்ன வசதி, முட்டிவலி உள்ள அம்மாவால் நடக்க முடியுமா, பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கிறதா?

அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிம்ஸ் பூங்கா சமதளம் கிடையாது, ஒரு பள்ளத்தாக்கு. நுழைவாயில் மேலே ரோட்டு மட்டத்தில் இருக்கிறது, ஏரி அடிவாரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து பூங்காவின் அடிப்பகுதி 1,768 மீட்டர், உச்சி 1,798 மீட்டர். முப்பது மீட்டர்தானே என்று தோன்றும். பத்து மாடிக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாமல் ஏறுகிற உயரம் அது. இறங்கும்போது குளிர் காற்றில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஏரிக்கரை வரை போய்விடுவீர்கள். திரும்பி ஏறும்போதுதான் முட்டி பேசும். ஆகவே அம்மாவை மேல்தட்டிலேயே, புல்வெளியும் மலர்ப் பாத்தியும் உள்ள இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வையுங்கள். கூட ஒருவர் இருந்தால் போதும். பூங்காவில் பார்க்க வேண்டியதில் பாதியை அங்கிருந்தே பார்த்துவிடலாம். கீழே இறங்கியே ஆக வேண்டும் என்றால் படிக்கட்டுக் குறுக்குவழிகளை விட்டுவிட்டு வளைந்து வரும் பாதையில் நிதானமாக வரட்டும்.

இந்தப் பள்ளம்தான் சிம்ஸ் பூங்காவின் முழுக் கதையும். ஊட்டி பூங்காவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் இதிலேதான் இருக்கிறது.

ஊட்டி தோட்டம் பூவுக்காகத் தொடங்கியதல்ல, காய்கறிக்காகத் தொடங்கியது. 1840களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்களுக்கு முட்டைக்கோஸும் கேரட்டும் நியாயமான விலையில் கிடைக்கவில்லை. ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்துப் பார்த்தார்கள், அது ஓடவில்லை. அப்புறம் அப்போதைய சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு காலத்தில் அது பொதுத் தோட்டமாக மாறியது. லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் வந்து பொறுப்பேற்றார். அவர் கைக்கு வந்த நிலத்தில் மேல்பகுதி அடர்ந்த காடு, கீழ்ப்பகுதி சதுப்பு, நடுவில் ஆழமான ஓடைப் பள்ளங்கள். அதை வடித்து, மேடு பள்ளம் திருத்தி, அடுக்கடுக்காகத் தட்டுகள் கட்டி முடிக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடித்தன. இன்று நீங்கள் பார்க்கும் அந்த விரிந்த பச்சைப் புல்வெளி, அதாவது எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம், மனிதன் மண்ணை இழுத்துப் போட்டு உண்டாக்கியது. மெக்ஐவர் வெறும் தோட்டக்காரராகவும் நிற்கவில்லை; தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா பயிரிட்டதும் அவர் மேற்பார்வையில்தான். 1876-இல் இறந்தவர், உதகை புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்.

குன்னூர் கதை வேறு. சென்னையிலிருந்து வரும் ரயில் பாதை 1873-இல் மேட்டுப்பாளையத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு, 1874-இல், குன்னூரில் இந்தப் பூங்கா உருவானது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததோ இல்லையோ, மலைக்கு ஓய்வெடுக்க வருகிறவர்கள் கூட்டம் பெருகிய காலம் அது என்பது மட்டும் தெளிவு. மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டோங்கா என்னும் குதிரை வண்டியில் மலையேறுவார்கள். முதலில் வரும் பெரிய ஊர் குன்னூர். சென்னை அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்த ஜே. டி. சிம் என்பவரின் முயற்சியில், மேஜர் முர்ரே கைவண்ணத்தில் பூங்கா அமைந்தது. சிம் பெயர்தான் நிலைத்தது. வேலை செய்தவர் பெயரை விட்டுவிட்டு அதிகாரி பெயரை வைப்பது அன்றைக்கும் வழக்கம்தான்.

அவர்கள் செய்த நல்ல காரியம், நிலத்தைத் திருத்தாமல் விட்டது. உலாவவும் பொழுதுபோக்கவும் ஓர் இடம் என்றுதான் நினைத்தார்கள். எனவே பள்ளத்தைப் பள்ளமாகவே வைத்துக்கொண்டு, சரிவைச் சுற்றி வளைத்துப் பாதை போட்டார்கள். அங்கே ஏற்கெனவே நின்ற சோலைக்காட்டு மரங்களில் பலவற்றை வெட்டாமல் விட்டு, அவற்றுக்கு இடையே வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்தது மெல்ல மெல்லத் தாவரவியல் பூங்காவாகவும் மாறியது. பரப்பு சுமார் 12 ஹெக்டேர், ஊட்டியின் 22 ஹெக்டேரில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சரிவு காரணமாக ஒரே பார்வையில் முழுவதும் தெரியாது. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் வேறு ஒரு மூலை வரும்.

ஆகவே என் பதில்: ஊட்டியில் பூவைப் பாருங்கள், சிம்ஸில் மரத்தைப் பாருங்கள். பூ மட்டும் போதும் என்றால் ஊட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை. மரம் பிடிக்கும் என்றால், நேரம் குறைவாக இருந்து இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலையிலும் நான் சிம்ஸைத்தான் சொல்வேன்.

எந்த மரம் என்று கேட்பீர்கள். பெயர்ப்பலகை பல மரங்களில் இருக்கும், தேடிப் படியுங்கள். முதலில் ருத்ராட்ச மரம். நேபாளத்திலும் இமயமலை அடிவாரத்திலும்தான் இருக்கும் என்று நம்மில் பலரும் நினைத்திருப்போம்; இங்கே நூறாண்டு தாண்டிய மரமாக நிற்கிறது. பழம் விழுகிற காலத்தில் போனால் தரையைப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில், பளபளவென்று, வேறு எந்தப் பழத்திலும் பார்க்க முடியாத ஒரு நீல நிறத்தில் பழங்கள் கிடக்கும். அந்த நீலத்துக்குச் சாயம் எதுவும் காரணமில்லை. தோலுக்கடியில் உள்ள மெல்லிய அடுக்குகள் நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. மயில் தோகையில் நிறம் வருகிற அதே வழி. அதனால்தான் பழம் காய்ந்த பிறகும் நீலம் சட்டென்று போவதில்லை. தோலும் சதையும் அழுகிப் போனால் உள்ளே இருப்பதுதான் நாம் மாலையாகக் கோக்கும் கொட்டை. ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் அரை மணி நேரம் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து காகித மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பட்டை தாள் தாளாக உரியும், தொட்டால் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். சொந்த நாட்டில் காட்டுத்தீயிலிருந்து அடிமரத்தைக் காக்கும் கவசம் அந்தப் பட்டை. இங்கே வருகிறவர்கள் கை எட்டும் உயரம் வரை அதைப் பிய்த்துப் பெயர் எழுதிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து பிய்க்காதீர்கள். தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டர்பன்டைன் மரம் என்று ஒரு பலகை இருக்கும். பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் இதிலிருந்து வருகிறது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது தவறு. அந்த எண்ணெய் பைன் மரப் பாலிலிருந்து எடுப்பது. இந்த மரத்தின் பிசினுக்கு அந்த வாடை இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. இதன் உண்மையான பெருமை வேறு: கடல் தண்ணீரில் கட்டையைத் துளைக்கும் புழுக்கள் இதை அவ்வளவு எளிதில் தொடாது. அதனால் ஆஸ்திரேலியாவில் படகுத்துறைத் தூண்களுக்கு இந்த மரத்தைத்தான் தேடுவார்கள். யானைக்கால் மரமும் இதே பூங்காவில் உண்டு. அடிமரத்தைப் பார்த்தாலே பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

இவை தவிர, குயின்ஸ்லாந்து கவுரி என்னும் தூண் போன்ற மரம், அரக்கேரியா, மக்னோலியா, குளிர்காலத்தில் பூக்கும் கமேலியா, நிழலும் ஈரமும் உள்ள பகுதிகளில் மரப்பெரணி எல்லாம் இருக்கின்றன. மரப்பெரணியை மட்டும் நின்று பாருங்கள். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கருத்த தண்டு, அதன் உச்சியில் குடை விரித்தது போல் பெரணி இலைகள். இது வெளிநாட்டுச் சரக்கு அல்ல, நம் சோலைக்காட்டு ஓடையோரச் சொத்து.

ஆஸ்திரேலிய மரம் ஏன் இவ்வளவு என்றால், நீலகிரியின் குளிரும் உயரமும் அவற்றுக்கு ஒத்துப் போயின, அவ்வளவுதான். யூகலிப்டஸும் வாட்டில் எனப்படும் சீகை மரமும் 1840களிலேயே இந்த மலைக்கு வந்துவிட்டன. விறகுக்காக வந்தவை பிறகு புல்வெளிகளையே விழுங்கிவிட்டன. அது பெரிய சோகக் கதை, இன்னொரு நாள் பேசலாம். பூங்காவுக்குள் ஒன்றிரண்டாக நிற்கும் மரங்களால் அந்த ஆபத்து இல்லை.

பூக்களைப் பொறுத்தவரை, மே மாத முதல் சீசனுக்காகக் குளிர்காலத்திலேயே வேலை தொடங்கிவிடும். சால்வியா, பெட்டூனியா, பேன்சி, டேலியா, ஜீனியா என்று லட்சக்கணக்கில் நாற்று நடுவார்கள். இரண்டாம் சீசன் செப்டம்பர், அக்டோபரில். ஊட்டி உயரத்தில் நவம்பர் முதல் உறைபனி விழும். அங்கே மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிக் காப்பாற்றுவார்கள். குன்னூர் அதைவிட நானூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்த ஊர் என்பதால் பனி அந்த அளவுக்குக் கடிக்காது. குளிர் தாங்காத குழந்தை கூட இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மே மாதக் கடைசியில் வருவதானால் பழக் கண்காட்சி கிடைக்கும். நீலகிரி கோடை விழாவில் ஊருக்கு ஒரு கண்காட்சி. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி, கூடலூரில் வாசனைத் திரவியம், ஊட்டியில் ரோஜாவும் மலரும், குன்னூர் சிம்ஸில் பழம். ஊட்டி மலர்க் கண்காட்சிதான் இவற்றில் மூத்தது, 1896-இல் தொடங்கியது. அதன் நூற்றாண்டு நினைவாகத்தான் 1995-இல் அங்கே ரோஜா பூங்கா அமைத்தார்கள். பழக் கண்காட்சியில் திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, எலுமிச்சையையெல்லாம் டன் கணக்கில் சட்டத்தில் ஒட்டிப் பெரிய பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள். கூட்டம் முழுவதும் அந்த உருவங்கள் முன்னால்தான் செல்பி எடுத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பக்கத்து அரங்குகளில் தோட்டக்கலைத் துறையினர் மாவட்டவாரியாகத் தட்டுகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பழ ரகங்கள்தான் உண்மையான கண்காட்சி. பெயர் மட்டும் கேள்விப்பட்ட பழங்களை, ஒரே பழத்தின் பத்து ரகங்களை, அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். போவதென்றால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். கடைசி நாளில் திராட்சை சுருங்கி, அன்னாசி கனிந்து, ஈ மொய்க்க ஆரம்பித்திருக்கும்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே அரசு பழவியல் நிலையம் இருக்கிறது. 1920-இல் தொடங்கியது. பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன் போன்ற குளிர்ப் பிரதேசப் பழங்களை இந்த மலைக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தோட்டக்கலைத் துறையின் பழப்பதனிடும் நிலையத்தில் செய்யும் ஜாம், ஜெல்லி, ஸ்குவாஷ் வாங்கிக்கொள்ளலாம். கடைவீதியில் 'ஹோம் மேட்' என்று விற்கிற பலதையும்விட நம்பிக்கையானது. மே மாதத்தில் பிளம்ஸும் பீச்சும் ரோட்டோரக் கூடைகளில் கிடைக்கும். மங்குஸ்தான் வேண்டுமென்றால் அது குன்னூர்க் குளிரில் விளையாது, கீழே பர்லியாறில் விளைவது. ஜூன் பிறந்த பிறகு திரும்பிப் போகும் வழியில் பாருங்கள்.

பூங்கா வாசலில் நின்று ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்தால் பழைய சிவப்புக் கட்டடம் ஒன்று தெரியும். பாஸ்டர் நிறுவனம். சுற்றுலாப் பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதன் முன்னால் காரை நிறுத்த இடம் தேடிவிட்டுப் பூங்காவுக்குள் போய்விடுவார்கள். 1902-இல் லில்லி பாகென்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அன்றைக்கு இந்தியாவில் அதற்கு ஊசி போடும் பாஸ்டர் நிறுவனம் இமாச்சல மலையில் கசௌலியில்தான் இருந்தது. தெற்கே நாய் கடித்தவர் ரயிலேறி அங்கே போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். அந்த மரணத்துக்குப் பிறகு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்குக் கொடுத்திருந்த நன்கொடையில் 1 லட்சம் ரூபாய் குன்னூருக்கு ஒதுக்கப்பட்டு, 1907-இல் இந்த நிறுவனம் திறந்தது. தடுப்பூசித் தயாரிப்பு இன்றும் அதன் வேலை.

அதே வளாகத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒரே ஓர் அறையில், ஊட்டச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுகிற சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் திடமாக இருந்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம் பக்கத்துச் சாப்பாட்டில் வளர்ந்தவை இளைத்துப் போயின. அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பூங்காவில் பஜ்ஜி சாப்பிடும்போது எதிர்க் கட்டடத்து எலிகளை நினைத்துக்கொள்ளலாம். சுற்றிப் பார்க்க அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம், அது வேலை நடக்கும் ஆய்வுக்கூடம்.

சரி, வசதிகளுக்கு வருகிறேன். நுழைவுக் கட்டணம் உண்டு, கேமராவுக்குத் தனி. குழந்தைகள் விளையாட ஊஞ்சல், சறுக்கு உள்ள பகுதி இருக்கிறது. கண்ணாடி மாளிகையில் தொட்டிச் செடிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் அது நல்ல ஒதுங்கும் இடமும்கூட. அடிவாரத்து ஏரியில் படகு சவாரி நடக்கும். ஊட்டி ஏரியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது சின்ன ஏரி, ஒரு சுற்று வந்தால் முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். கழிப்பறை உண்டு, ஆனால் கண்காட்சி நாட்களில் வரிசை நீளம். கார் நிறுத்துவதுதான் பெரிய தொல்லை. பூங்கா முன்னால் உள்ள ரோடு கோத்தகிரிக்குப் போகும் ரோடு, அகலமும் குறைவு. சீசனில் காலை பத்து மணிக்கு மேல் அங்கே வண்டியைத் திருப்பவே முடியாது. பஸ் நிலையத்தில் இறங்கி டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மேல் குன்னூர் வந்துவிடுவது எளிது, தூரம் சில கிலோமீட்டர்தான்.

காலையில் திறந்ததும் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கூட்டம் வருமுன், சரிவில் தோட்டக்காரர்கள் நாற்று நடுவதும் களை எடுப்பதும் தவிர வேறு சத்தம் இருக்காது. அப்போது புதருக்குள்ளிருந்து பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பது போல் ஒரு கூச்சல் கேட்கும். அது நீலகிரி சிரிப்பான் என்ற குருவி. உலகத்திலேயே இந்த மலைப்பக்கம் தவிர வேறெங்கும் கிடையாது. ஆள் நடமாட்டம் கூடினால் உள்ளே போய்விடும்.

குரங்குகள் எப்போதும் இருக்கும். கையில் தின்பண்டப் பொட்டலம் தெரிந்தால் கேட்காமலே வாங்கிக்கொள்ளும். காட்டெருமை குன்னூரில் தெருவுக்குள்ளேயே நடமாடும் பிராணி, பூங்காவுக்குள்ளும் எப்போதாவது வந்து நிற்கும். மாடு மாதிரி சாதுவாகத் தெரியும். போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள், ஊழியர்கள் சொல்கிற திசையில் விலகிவிடுங்கள்.

வருவதற்கு முன் இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு அது வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து சீசன் மாதங்களில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. சனிக்கிழமை வருவதாக இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இது தேவையில்லை. இன்னொன்று, பிளாஸ்டிக். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் உட்பட இந்த மாவட்டத்தில் தடை. சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதையாக மாற்றுவது வழக்கம். அதனால் ஊட்டி முடித்துவிட்டுத் திரும்பும்போது குன்னூர் பார்க்கலாம் என்று திட்டமிட்டால் சுற்று அதிகமாகும். ஏறும்போதே, காலை எட்டு எட்டரைக்குள் குன்னூர் வந்து சேரும்படி கிளம்புங்கள். பூங்காவை இரண்டு இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊட்டிக்குக் கிளம்பிவிடலாம். மலை ரயிலில் வர ஆசை என்றால், மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு முதல் குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை. 1899-இல் ரயில் குன்னூரோடு நின்றது, ஊட்டி வரை நீண்டது 1908-இல். மே மாத டிக்கெட்டுக்கு முன்பதிவு திறந்த அன்றே முயற்சி செய்ய வேண்டும். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் என்ஜின் இழுக்கும் வண்டியிலாவது பிள்ளைகளை ஏற்றிவிடலாம், அதற்கு இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபம்.

மே மாதம் முடியாமல் பயணம் தள்ளிப் போனால், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் ஆரம்பம் வரை மட்டும் தவிருங்கள். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமான மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவதும் ரயில் நிற்பதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான், பூங்காவின் சரிவுப் பாதைகளும் வழுக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதென்றால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. பூ குறைவாக இருக்கும், கமேலியா இருக்கும், பெஞ்ச் எல்லாம் காலியாக இருக்கும்.